பெட்டி கட்டும் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறும் அம்மாமார்களே, ஐயாமார்களே,

நான் பிள்ளையார்பாளையத்தில் மிஷின் போட்டுத் தைப்பவள். உங்களில் பலர் வீட்டுப் பட்டுப்பாவாடை என் கைக்கு வந்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை நீங்கள் கிளம்பும்போது, பட்டுப்பாவாடையோடு ஃப்ளீஸ் என்ற குளிர்காலத் துணியில் தைத்த சட்டை ஒன்றும் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். அதை என்னிடம் கொடுத்துத் தைக்கக் கூடாது. நீங்களே தைக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டியில் என்னென்ன போகிறது என்று எனக்குத் தெரியும். தலா 23 கிலோ என்று கணக்குப் போட்டு, வத்தல், வடாம், பருப்புப்பொடி, வசம்பு, குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க ஜாதிக்காய், மாசிக்காய் என்று அடுக்குகிறீர்கள். கடைசியில் பட்டு நினைவுக்கு வருகிறது. காந்தி ரோட்டில் துணி எடுத்த கையோடு என்னிடம் வருகிறீர்கள். அளவு கேட்டால் கைபேசியில் ஒரு போட்டோவைக் காட்டுகிறீர்கள். “வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே தைச்சிடும்மா” என்கிறீர்கள். நானும் பாவாடையின் அடியில் இரண்டு டக் பிடித்து, சட்டையின் பக்கவாட்டில் துணி விட்டுத் தைத்துத் தருகிறேன்.

அந்தப் பாவாடை அங்கே போய் என்ன ஆகிறது? பேத்தி நவராத்திரிக்கு ஒரு முறை உடுத்துகிறாள். போட்டோ எடுக்கிறார்கள். போட்டோ குடும்பக் குழுவுக்கு வருகிறது. நீங்கள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் காட்டுகிறீர்கள், கோயிலில் பார்ப்பவர்களுக்குக் காட்டுகிறீர்கள், எனக்கும் காட்டுகிறீர்கள். ஜரிகை கழுத்தில் குத்துகிறது என்று பிள்ளை அழுததை யாரும் போட்டோவில் பிடிப்பதில்லை. பிறகு பாவாடை அலமாரிக்குப் போகிறது. நான் பிடித்த டக்கைப் பிரித்துவிட அங்கே ஆளில்லை. அடுத்த வருஷம் நீங்கள் இன்னொரு பாவாடைக்கு வந்து நிற்கிறீர்கள்.

பட்டைக் குறை சொல்ல நான் யார்? என் அடுப்பு எரிவதே அதனால்தான். பட்டுப்பாவாடை வேண்டும். பண்டிகை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அதுதான் சொல்லித் தரும். ஆனால் பண்டிகை வருஷத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் அந்தப் பிள்ளை என்ன போட்டுக்கொண்டு விளையாடுகிறது, எதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறது? அந்த நாட்களில் நம் கை எங்கே இருக்கிறது? இதுதான் என் மனக்குறை.

மார்கழியில் நம் ஊரில் விடியற்காலை 20 டிகிரிக்கு வந்தாலே காதில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம். கனடாவில், உதாரணத்துக்கு டொராண்டோவில், தை, மாசியில் பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. நவம்பரில் தொடங்கும் குளிர் சித்திரை பிறந்த பிறகும் முழுதாக விடுவதில்லை. அதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் இல்லை. அந்த ஊர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் முழுநாள் குழந்தைகள் காப்பகங்களில், வானிலை இடம் கொடுத்தால், நாளொன்றுக்கு 2 மணி நேரமாவது பிள்ளைகளை வெளியே விளையாட விட வேண்டும் என்பது சட்டம். அப்படி வெளியே போகும் பிள்ளைக்கு உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் பனியும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் ஜாக்கெட் கழன்றுவிடும். ஃப்ளீஸ் உடம்போடு இருக்கும். குளிர்காலம் முழுவதும் வீட்டிலும் வெளியிலும் குழந்தையோடு இருப்பது அந்த நடு அடுக்குதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைக் குறிப்பாகத் தாத்தாமார்கள் கேட்க வேண்டும். அங்கே காரில் குழந்தையைத் தனி இருக்கையில் வைத்துப் பட்டையால் கட்டுவார்கள். குளிருக்குப் பயந்து பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டோடு கட்டினால், பட்டை இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். விபத்து நேர்ந்தால் அந்தப் பஞ்சு ஒரு நொடியில் அமுங்கிவிடும். பட்டை தொளதொளத்துப் பிள்ளை நழுவிவிடும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய அடுக்குகளோடு கட்டி, அதற்கு மேலே போர்வை போர்த்தச் சொல்கிறது. மெல்லிய ஃப்ளீஸ் சட்டை அதற்குச் சரியாகப் பொருந்தும். போன இடத்தில் “பிள்ளைக்குக் குளிருமே, ஜாக்கெட்டைக் கழற்றாதே” என்று மருமகளோடு மல்லுக்கு நிற்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இனி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்குள் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

“அது பிளாஸ்டிக் துணி ஆச்சே, பட்டு நெய்யும் ஊரிலிருந்து அதையா கொண்டுபோவது?” என்பீர்கள். பிளாஸ்டிக்தான். பாலியெஸ்டர் நூலைப் பனியன் துணிபோலப் பின்னி, அதன் வளையங்களைச் சீவி மயிர்போலக் கிளப்பி விட்டிருக்கிறார்கள். அந்த மயிருக்குள் காற்று தங்குவதால் சூடு வெளியேறுவதில்லை. நனைந்தாலும் கனப்பதில்லை, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் அதை ஊர் பேர் இல்லாத துணி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊர் நம் ஊர்போலத் துணியால் பிழைத்த ஊர். அங்கே இருந்த மால்டன் மில்ஸ் ஆலையில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்தத் துணி உருவானது. 1995 டிசம்பரில் அந்த ஆலை தீப்பிடித்து எரிந்தது. முதலாளி ஆரன் ஃபியூயர்ஸ்டீன் ஆலையைத் திரும்பக் கட்டுவேன் என்றார். வேலை இல்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சில மாதங்கள் சம்பளமும் கொடுத்தார். மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஏறிப் பாவு ஈரம் குடித்துத் தறி நின்றுபோனால், அந்த நாட்களின் கூலி என்னவாகும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். ஃப்ளீஸைத் தொடும்போது அந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளலாம்.

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1993-லேயே பேட்டகோனியா நிறுவனம் பழைய குளிர்பான பாட்டில்களை உருக்கி ஃப்ளீஸ் செய்யத் தொடங்கிவிட்டது. பாட்டில் குப்பைக்குப் போகாமல் சட்டையானது நல்லதுதான். ஆனால் பாலியெஸ்டர் துணி ஒன்றை ஒரு முறை துவைத்தாலே 1,900-க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் தண்ணீரோடு போகக்கூடும் என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதற்காக, சாயக்கழிவும் சாக்கடையும் கலக்கும் வேகவதி ஆற்றங்கரையில் இருந்துகொண்டு நம் துணி மட்டும் பரிசுத்தம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. எந்தத் துணிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்று தைத்தால் போதும். அழுக்கானால் மட்டும் துவைக்கட்டும். பிள்ளை வளர்ந்ததும் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். நீங்கள் தைத்ததைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. கடையில் வாங்கியதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

“கடையிலேயே கிடைக்கிறதே” என்பதற்கும் பதில் அதுதான். கிடைக்கும், நம் கூலிக் கணக்கில் பார்த்தால் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் பாட்டி தைத்தது கடையில் கிடைக்காது.

“எனக்குத் தையல் மறந்துபோச்சு” என்பவர்களிடம்தான் எனக்கு அதிகம் பேச இருக்கிறது. உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் கல்யாணச் சீராக வந்த கால் மிஷின் இன்னும் இருக்கிறது. அதன்மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருக்கிறீர்கள். பள்ளியில் கைத்தையல் வகுப்பில் நோட்டில் ஒட்டிக் காட்டிய மாதிரித் துண்டுகள் உங்களுக்கு நினைவில்லையா? பட்டு தைப்பதற்குப் பயப்படலாம். ஓர் ஊசித் துளை தவறினாலும் பட்டில் தழும்பு நிற்கும், ஓரம் பிரிந்து நூல் கொட்டும். ஃப்ளீஸ் ஓரம் பிரியவே பிரியாது. ஓவர்லாக் வேண்டாம், லைனிங் வேண்டாம், ஓரம் மடித்துத் தைக்கக்கூட வேண்டாம். தையல் கொஞ்சம் கோணினாலும் அந்த மயிருக்குள் மறைந்துவிடும். கத்தரிக்கோல் பிடித்து நாளானவர்களுக்கு இதைவிட மன்னிக்கும் துணி கிடையாது.

துணிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். போர்வைக் கடையில் ‘ஏசி பிளாங்கெட்’ என்று மெத்தென்று மெல்லிசாக ஒன்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை இந்தத் துணிதான். ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்றில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று சட்டை தாராளமாக வரும். முதல் சட்டை கை பழக. இரண்டாவது பேரனுக்கு. மூன்றாவது அவன் வளர்ந்த பிறகு. திருப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் காதர்பேட்டையில் விசாரிக்கச் சொல்லுங்கள். துணியைக் கையில் உரசிப் பாருங்கள். உடனே உருண்டை உருண்டையாகத் திரண்டால் அது வேண்டாம்.

வெட்டும் விதம் இதுதான். பிள்ளை இப்போது போடும் தொளதொளத்த பனியன் ஒன்றைத் தரையில் விரித்து, பக்கத்தில் இஞ்சு டேப் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளை போட்டுக்கொண்டு சிரிக்கும் போட்டோ அளவுக்கு உதவாது. அந்த அளவைச் செய்தித்தாளில் வரைந்து, பக்கவாட்டிலும் கையிலும் முக்கால் அங்குலம் கூட்டுங்கள். கால் அங்குலம் தையலுக்கு, அரை அங்குலம் உள்ளே போடும் பனியனுக்கு. முன்பாகம் ஒன்று, பின்பாகம் ஒன்று, கை இரண்டு, அவ்வளவுதான். துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மயிர் வழவழவென்று படியும் திசை எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சட்டையில் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம் என்று தெரியும். பட்டில் இதெல்லாம் நமக்குத் தெரியாததா?

கழுத்துதான் முக்கியம். இரண்டு வயதுப் பிள்ளையின் தலைச்சுற்று ஏறக்குறைய 19 அங்குலம் இருக்கும். கழுத்தைச் சிறிதாக வெட்டிவிட்டுத் தலையைத் திணித்தால், பிள்ளை அந்தச் சட்டையைக் கண்டாலே ஓடும். பச்சைக் குழந்தை பனியனில் முன் தோளும் பின் தோளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமே, அதையே செய்யுங்கள். இரண்டு தோளையும் நீட்டி வெட்டி, ஏற்றி வைத்து, கைக்குழி ஓரத்தில் மட்டும் பிடித்துத் தையுங்கள். தலை போகும்போது கழுத்து தானே விரிந்துகொடுக்கும். பட்டன் வேண்டாம், ஊக்கும் வேண்டாம்.

அடுத்து, கையை உருட்டிச் செருகாமல், துணி தட்டையாக இருக்கும்போதே கைக்குழியில் வைத்துத் தைத்துவிடுங்கள். பிறகு கை நுனியில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு ஓரம் வரை ஒரே ஓட்டம். இரண்டு பக்கமும் ஓட்டினால் சட்டை தயார். மிஷினில் பனியன் துணிக்குப் போடும் ஊசியைப் போடுங்கள், பாலியெஸ்டர் நூல் கோத்துக்கொள்ளுங்கள், தையலைப் பெரிதாக வையுங்கள், துணியைச் சற்றே இழுத்துப் பிடித்து ஓட்டுங்கள். இழுக்காமல் தைத்தால் பிள்ளை கையை நீட்டும்போது நூல் அறும். மிஷினே இல்லையென்றால் கையாலேயே கெட்டித் தையல் போடலாம். டிவி பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள், உருகிவிடும். அதே காரணத்துக்காக, இந்தச் சட்டையோடு பிள்ளையைக் குத்துவிளக்குப் பக்கமும் விடாதீர்கள்.

வளரும் பிள்ளை என்று என்னிடம் டக் பிடிக்கச் சொல்வீர்களே, அந்த யோசனை இதற்கும் உதவும். கையை 2 அங்குலம் நீளமாக வெட்டி வெளிப்பக்கம் மடித்து விடுங்கள். பிள்ளை வளர வளர மடிப்பை இறக்கிவிட்டால் போதும். எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

நம் ஊர் அதில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்லட்டுமா? உடலுக்கு ஒரு நிறம், கைப்பட்டைக்கும் கழுத்துக்கும் இன்னொரு நிறம் வையுங்கள். அரக்குக்குக் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் அந்த நீலத்துக்கு மஞ்சள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வைத்துக் கோர்வை போடும் ஊர் நாம். எந்த நிறத்துக்கு எந்த நிறம் ஒத்துப்போகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மீந்த துண்டில் ஓர் அன்னமோ யானையோ வெட்டி மார்பில் வைத்துத் தையுங்கள். ஓரம் பிரியாத துணி என்பதால் அதுவும் எளிது. பேரனுக்கு என்றால் ஒரு பல்லி வெட்டுங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்! காப்பகத்தில் மற்ற பிள்ளைகள் சட்டையில் டைனோசர் இருக்கும், இவன் சட்டையில் காஞ்சிபுரத்துப் பல்லி இருக்கும். அது என்ன என்று யாராவது கேட்பார்கள். அவன் தன் தாத்தாவின் ஊரைப் பற்றிச் சொல்வான்.

சில கண்டிப்புகளும் உண்டு. ஆசைப்பட்டு இதில் பட்டுக் கரையை வைத்துத் தைக்காதீர்கள். ஃப்ளீஸ் இழுபடும், பட்டு இழுபடாது, கழுத்தில் வைத்தால் தலை நுழையாது. மிஷினில் துவைக்கும்போது பட்டின் சாயம் இறங்கலாம். பட்டுச்சட்டையின் முதுகில் கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிடுவோமே, அது இதில் கூடவே கூடாது. ஓடி விளையாடும் பிள்ளையின் கழுத்தருகே கயிறு இருந்தால், சறுக்குமரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மணி, முத்து, ஜமிக்கி எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

ஐயாமார்களே, இது அம்மாமார்கள் வேலை என்று நழுவாதீர்கள். இந்த ஊரில் தறியில் உட்கார்ந்த ஆண்களின் விரல்களுக்கு இழை எண்ணத் தெரியும். பாவு ஓடிய கைகளுக்கு ஒரு பேப்பரில் அளவு வரையவும், நேராக வெட்டவும் தெரியாதா? வெட்டுவது நீங்கள், தைப்பது அவர்கள் என்று பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் வேலை முடியும்.

இதைச் சொல்வதால் என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வதற்குக் காரணம் வேறு. உங்கள் பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்ய நம்மால் முடிந்தது குறைந்துகொண்டே வருகிறது. பணம் அவர்களிடம் இருக்கிறது, சாமான் அங்கேயே கிடைக்கிறது. நாம் கொண்டுபோகும் ஊறுகாயைக்கூட அங்கே தமிழ்க் கடைகளில் வாங்கிவிடலாம். அவர்கள் அன்றாடத்துக்குள் நாம் நுழைய மிச்சம் இருக்கும் வழிகளில் இது ஒன்று. வருஷத்தில் ஒரு நாள் போட்டோவுக்கு நிற்கும் துணியாக இல்லாமல், மூக்குச்சளியும் பாலும் மண்ணும் படும் துணியாக உங்கள் அன்பு இருக்கட்டும் என்று கேட்கிறேன். பட்டைப்போல அதை ஊருக்குக் காட்ட முடியாது. காட்டவும் வேண்டாம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பயணச் சீட்டு எடுத்த அன்றே மகளிடமோ மருமகளிடமோ பனியன் அளவைக் கேளுங்கள். அந்த வாரமே போர்வையை வாங்குங்கள். மிஷின் மேல் இருக்கும் பூச்சாடியை இறக்கி வைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். எங்காவது சிக்கினால் என்னிடம் வாருங்கள். சொல்லித் தருவேன், தைத்துத் தர மாட்டேன். பட்டை நான் தைக்கிறேன், ஃப்ளீஸை நீங்கள் தையுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையார்பாளையத்துத் தையல்காரி